மணலுக்கு ஏது வேலி?

"அங்கே என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை!" என்பது ஒரு புகார். "இவ்வளவு அருமையான இடத்தைச் சர்க்கார் வீணாக வைத்திருக்கிறது. ஒரு கம்பெனியிடம் கொடுத்தால் சொர்க்கமாக்கி விடுவான்" என்பது இன்னொரு புகார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆரிகன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதில் போர்ட்லண்ட் நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நம்மவர்களின் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறார்கள். பெற்றோர்கள் போய்ச் சில மாதங்கள் தங்குகிறார்கள். ஏதாவது ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் அவர்களைக் காரில் ஏற்றிக் கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். திரும்பி வந்ததும் பெற்றோர் முதல் புகாரைச் சொல்லுகிறார்கள். பிள்ளைகள் இரண்டாவது புகாரைச் சொல்லுகிறார்கள். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டுமென்றுதான் இதை எழுதுகிறேன். பதில் கொஞ்சம் காரமாக இருந்தால் மன்னிக்க வேண்டாம், மறுத்து எழுதுங்கள்.

முதலில், 'ஒன்றுமே இல்லை' என்கிற கட்சி.

கேனன் பீச் என்ற ஊருக்குத் தெற்கே சுமார் பத்து மைலில் ஆஸ்வால்டு வெஸ்ட் மாநிலப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 2,500 ஏக்கர். கடல் வரையில் கார் போகாது. நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அரை மைல் காட்டுக்குள் நடக்க வேண்டும். சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக், சிடார் என்று பழம்பெரும் மரங்கள். நாலு பேர் கைகோத்தாலும் சில அடிமரங்களை வளைக்க முடியாது. பக்கத்தில் ஓர் ஓடை கூடவே வருகிறது. மரங்கள் விலகியதும், இரண்டு முனைகளுக்கு நடுவே பிறை போல ஒரு சிறு மணற்கரை. ஷார்ட் சாண்ட் என்று பெயர். நடுக் கோடையிலும் உடம்பை நடுக்கும் தண்ணீரில், கறுப்பு ரப்பர் உடை அணிந்த வாலிபர்கள் பலகையில் படுத்து அலைக்குக் காத்திருப்பார்கள். வடக்கே ஃபால்கன் முனைக்கு ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. தெற்கே நியாகானி மலைமேல், ஆயிரத்து அறுநூறு அடி உயரத்துக்கு இன்னொரு பாதை ஏறுகிறது.

அவ்வளவுதான். பஜ்ஜிக் கடை இல்லை, குடை ராட்டினம் இல்லை, மாடி வைத்த ஓட்டல் இல்லை. நமக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. சர்க்காருக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று எண்ணிக் கொள்ளுகிறோம். ஒரு கடற்கரையை ஒன்றுமில்லாமல் வைத்திருப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. அந்தப் பூங்காவில் முன்பெல்லாம் கூடாரம் அடித்துத் தங்க இடம் இருந்தது. 2008-ல் ஒரு ராட்சச மரம் அங்கே விழுந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதமில்லை. மற்ற மரங்களும் எப்போது விழுமோ என்ற கேள்வி எழுந்தது. மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு முகாமைக் காப்பாற்றுவதுதான் நம்மைப் போன்ற காரியவாதிகளின் யோசனையாக இருந்திருக்கும். அவர்கள் மரங்களை நிற்கவிட்டு முகாமை மூடினார்கள்.

இன்னும் பெரிய சிரமம் ஒன்று உண்டு. அது பூங்காவின் பெயரிலேயே இருக்கிறது.

ஆஸ்வால்டு வெஸ்ட் என்பவர் 1911 முதல் 1915 வரை ஆரிகன் மாநிலத்தின் கவர்னர். அவருக்கு முன்பு இருந்தவர்கள், அலை ஏறி இறங்கும் ஈரமணலைத் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்கத் தொடங்கியிருந்தார்கள். சட்டப்படிதான் விற்றார்கள், ரசீதும் கொடுத்தார்கள். இப்படியே போனால் பேரன் காலத்தில் கடலைப் பார்க்க டிக்கெட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று வெஸ்ட் கண்டுகொண்டார். 'கடற்கரையைக் காப்பாற்றுவோம்' என்று சட்டசபையில் பேசியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆகவே வேறு வழி பிடித்தார். கொலம்பியா ஆற்றிலிருந்து கலிபோர்னியா எல்லை வரை உள்ள ஈரமணல் முழுவதும் பொது நெடுஞ்சாலை என்று அறிவித்து, நாலு வரியில் ஒரு மசோதா. அது பொய்யுமல்ல. ரோடு இல்லாத அந்தக் காலத்தில் குதிரை வண்டிகள் மணல் மேல்தான் ஓடின. சாலைக்குச் செலவில்லாமல் சாலை கிடைக்கிறது என்றால் எந்தச் சட்டசபை வேண்டாமென்று சொல்லும்? 1913-ல் மசோதா சட்டமாயிற்று. கேனன் பீச்சிலிருந்து நியாகானி மலையைக் குதிரைமேல் கடந்து போனபோது இந்த யுக்தி தமக்குத் தோன்றியது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். இன்றைக்குப் பூங்காவில் ஏறுகிற அதே மலைதான். மூச்சு வாங்குகிறது என்று அலுத்துக் கொள்ளுகிறவர்கள், அந்த ஏற்றத்தில் பிறந்த யோசனையால்தான் கீழே மணலில் கால் வைக்க முடிகிறது என்பதையும் நினைத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது கட்சிக்கு வருகிறேன். கம்பெனியிடம் கொடுத்தால் சொர்க்கமாக்கி விடுவான் என்கிறவர்கள். இந்தச் சொர்க்கத்தை ஆரிகன்காரர்கள் ஒரு தடவை பார்த்தாயிற்று.

1966-ல் கேனன் பீச்சில் ஓர் ஓட்டல் முதலாளி, தம் கட்டடத்துக்கு முன்னால் இருந்த உலர்ந்த மணலை மரக்கட்டைகளை அடுக்கி வளைத்துக் கொண்டார். ஓட்டலில் தங்குகிறவர்கள் மட்டும் உள்ளே உட்காரலாம். மற்றவர்கள் எழுந்து போகலாம். அவர் திருடரல்ல, அந்த மணலுக்குப் பத்திரம் வைத்திருந்தார். வெஸ்டின் சட்டம் ஈரமணலைத்தானே சொல்லுகிறது, காய்ந்த மணல் என்னுடையது, என் விருந்தினருக்கு நிம்மதி வேண்டாமா என்று கேட்டார். நியாயம் போலத்தான் இருக்கிறது. 'ஈரமணல் ஊருக்கு, காய்ந்த மணல் எனக்கு' என்ற பங்கீட்டைக் காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. கடற்கரையில் நின்று பாருங்கள். மாலையில் கடல் ஏறி வருகிறது. ஊருக்கு உரிய மணல் தண்ணீருக்குள் போய்விட்டது. முதலாளிக்கு உரிய மணல் மட்டும் பாக்கி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய் எங்கே நிற்பாள்? இடுப்பளவு தண்ணீரிலா?

விரட்டப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. காய்ந்த மணலும் பொதுஜனங்களின் அனுபோகத்துக்கு உரியது என்று 1967-ல் ஒரு மசோதா வந்தது. வந்த மசோதா கமிட்டியில் படுத்துக்கொண்டது. விஷயம் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வெளிவந்ததும், சட்டசபைக்குக் கடிதங்கள் மலைபோலக் குவிந்தன. அப்போது கவர்னராக இருந்த டாம் மெக்கால், அளவுக்காரர்களையும் விஞ்ஞானிகளையும் கூட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் கடற்கரையில் வந்து இறங்கினார். எந்தக் கோட்டை ஒப்புக்கொண்டால் எவ்வளவு மணல் போகும் என்று ஊரறிய அளந்து காட்டினார். அதற்குப் பிறகு மசோதாவைத் தூங்கவைக்க யாருக்கும் தைரியம் இல்லை. 1967 ஜூலை மாதம் கையெழுத்தாயிற்று. செடி கொடிகள் முளைக்கத் தொடங்கும் எல்லை வரை மணலில் மக்களுக்கு உரிமை உண்டு என்று ஏற்பட்டது. வெஸ்ட் ஜனநாயகக் கட்சிக்காரர். மெக்கால் குடியரசுக் கட்சிக்காரர். கட்சி வேறானாலும் மணல் ஒன்றுதான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

எதிர்க்கரையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கரையில் மாசசூசெட்ஸ், மெயின் என்ற மாநிலங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயர் குடியேறிய 1640-களில் பிறந்த ஒரு விதிப்படி அங்கே கடல் வற்றும் எல்லை வரைகூட நிலம் தனியாருடையதாக இருக்கலாம். பொதுமக்களுக்கு மூன்று காரியங்களுக்கு மட்டும் அனுமதி: மீன் பிடிக்கலாம், பறவை சுடலாம், படகு விடலாம். மெயின் மாநிலத்தில் மூடி என்ற கடற்கரை சம்பந்தமாக 1989-ல் வந்த தீர்ப்பு, சும்மா உலாவுவதும் குளிப்பதும் அந்த மூன்றில் சேராது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின்படி, தூண்டிலோடு நடக்கிறவன் குடிமகன். வெறுங்கையோடு நடக்கிறவன் அத்துமீறியவன். துப்பாக்கியோடு வந்து வாத்தைச் சுட்டால் உரிமை. பேரனோடு வந்து கிளிஞ்சல் பொறுக்கினால் குற்றம். கம்பெனிச் சொர்க்கம் கேட்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்கட்டும்.

"கம்பெனியானால் சுத்தமாக வைத்திருப்பானே!" என்பார்கள். சுத்தம் வேண்டியதுதான். அதற்கும் ஆரிகன்காரர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1984-ல் ஒரே நாளில் இரண்டாயிரம் பேருக்கு மேல் கரை நெடுகிலும் திரண்டு குப்பை பொறுக்கினார்கள். கூலி கிடையாது. அந்த வழக்கம் பிறகு மற்ற கடற்கரைகளுக்கும் பரவியது. தன்னுடையது என்று நினைக்கிறவன் குனிந்து பொறுக்குகிறான். டிக்கெட்டு வாங்கியவன் பொறுக்குவானா? அதற்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்தேன் என்று போட்டுவிட்டுப் போவான்.

கேனன் பீச் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1969-ல் தீர்ந்தது. பத்திரத்தை விட வலிய ஒன்றைக் கோர்ட்டு தேடிப் பிடித்தது: வழக்கம். நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு, யாரும் தடுக்காமல், ஜனங்கள் ஒரு நிலத்தை அனுபவித்து வந்தால் அதுவே சட்டமாகும் என்று பழைய ஆங்கிலச் சட்ட மேதை பிளாக்ஸ்டன் எழுதியதை எடுத்துக் காட்டியது. அத்துடன் ஒரு சாட்சியமும் சொன்னது. வெள்ளையர் முதன்முதலில் அந்தக் கரைக்கு வந்தபோது, அங்கிருந்த பூர்வகுடிகள் ஈரமணலில் மட்டி தோண்டி, காய்ந்த மணலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்களாம்.

இந்த இடத்தில் எனக்குத் தொண்டையை அடைக்கிறது. கிளாட்ஸப், நெஹேலம் மக்களின் அடுப்புச் சாம்பல், பொதுஜனங்களின் உரிமைக்கு அத்தாட்சியாயிற்று. அந்த மக்களோடு 1851-ல் உடன்படிக்கைகள் எழுதினார்கள். அமெரிக்க செனட் அவற்றை அங்கீகரிக்கவே இல்லை. ஆனால் நிலம் மட்டும் போய்விட்டது. அவர்கள் சந்ததி இன்றும் இருக்கிறது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். அதை நான் கொண்டாடுகிறேன். ஆனால் அது கடன் வாங்கிய சாட்சியத்தில் நிற்கிறது. வேலி போட்டவரைத் திட்டுவது சுலபம். முதல் வேலி 1966-ல் போடப்பட்டதல்ல என்பதை ஒப்புக்கொள்ளுவதுதான் கஷ்டம்.

அதனால்தான் அந்த மணலில் கால் வைக்கிறவனுக்குக் கடமையும் உண்டு என்கிறேன். பூங்காவுக்குத் தெற்கே நெஹேலம் குடா. அங்கே இன்னொரு மாநிலப் பூங்கா. நண்டு பிடிக்கவும் மீன் பிடிக்கவும் ஜனங்கள் வருகிறார்கள். பன்னிரண்டு வயதானவர்கள் லைசென்சு வாங்க வேண்டும். டஞ்சனஸ் நண்டில் ஆண் மட்டுமே பிடிக்கலாம். ஓடு ஐந்தே முக்கால் அங்குலமாவது இருக்க வேண்டும். நாளைக்குப் பன்னிரண்டுக்கு மேல் கூடாது. ரேஸர் மட்டி தோண்டினால் முதலில் அகப்படும் பதினைந்தோடு நிறுத்த வேண்டும். சிறியது, உடைந்தது என்று எறிந்துவிட்டுப் பெரியதைத் தேடக் கூடாது. உடைத்ததும் உன் கணக்கில்தான். ஃபால்கன் முனைக்கு அப்பாலுள்ள கடலில் ஒரு பகுதியை 2016 முதல் மீன்களுக்கென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். "யார் பார்க்கப் போகிறார்கள்? ரெண்டு நண்டு கூட எடுத்தால் என்ன?" என்று குசுகுசுக்கிற குரல் நம் கூட்டத்திலும் கேட்கிறது. அந்த ரெண்டு நண்டைக் கூட எடுக்கிறவனும், மணலை வளைத்த முதலாளியும் ஒரே ஜாதி. எல்லாருக்கும் உரியதில் தன் பங்குக்கு மேல் எடுப்பவன் கட்டையால் எடுத்தால் என்ன, கூடையால் எடுத்தால் என்ன?

சில பூங்காக்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்குகிறார்கள். மரத்தையும் பாதையையும் பராமரிக்கப் பணம் வேண்டும்; கொடுங்கள். ஆனால் மணலில் கால் வைப்பதற்கு ஒரு நாள் யாராவது விலை சொன்னால், அன்றைக்குக் கடிதம் எழுதுகிறவர்களில் உங்கள் பிள்ளையும் ஒருவனாக இருக்கட்டும். அந்த ஊரில் குடியிருக்கிறான், வரி கட்டுகிறான். அவனுக்கும் பாத்தியதை உண்டு.

அடுத்த தடவை அங்கே போகிறவர்கள், கடல் ஏறி இறங்கும் நேரத்தை முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். எதிர்பாராத பெரிய அலை ஆளையே இழுத்துப்போகும் கரை அது. கரையில் ஒதுங்கிய பெருங்கட்டைகள் மேல் குழந்தைகளை ஏற விடாதீர்கள். பிறகு காய்ந்த மணலில், எந்தக் கட்டடத்துக்கு முன்னாலாவது, பயமில்லாமல் துண்டை விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுங்கள். இங்கே உட்காரக் கூடாது என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள். அங்கே இருப்பது அதுதான். சாப்பிட்ட இலையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.