வாய்க்காலைத் தேடுவதே நகரமைப்பாளரின் வேலை

சென்னைக்கு வெளியே ஒரு கிராமத்தில் ஐந்து ஏக்கர் நஞ்சையை மனைகளாகப் பிரிக்க ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புலப்பட நூலைப் புரட்டினால் அந்த நிலத்தின் ஓரமாக ஒரு வாய்க்கால் போவது தெரியும். மேலேரி நிரம்பினால் உபரிநீர் கீழேரிக்குப் போகும் வழி அது. தூர்ந்துபோய்க் கிடப்பதால், இடத்தை நேரில் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் முள்காடுதான் படும். பழைய வரைபடத்தையும் இன்றைய நிலத்தையும் ஒருசேரப் பார்த்து, ‘இதை அடைத்தால் பெருமழையில் மேலே இருக்கும் தெருக்கள் மூழ்கும்’ என்று எழுத்தில் சொல்ல வேண்டியவர் நகரமைப்பாளர். அந்த வேலையைச் செய்ய நாம் அவரை விடுவதில்லை.

1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் என்று படிப்படியாகத்தான் யோசித்தது. ஊர் எந்தத் திசையில் வளரலாம் என்பதில் தொடங்கி, ஒரு தெருவின் அகலம் வரை திட்டத்தில் இருக்க வேண்டும். நடப்பில் நகரமைப்பாளரின் பொழுதை விழுங்குவது திட்ட அனுமதிக் கோப்புகள். பக்க இடைவெளி சரியா, கார் நிறுத்த இடம் போதுமா, தளப்பரப்புக் குறியீடு மீறப்பட்டதா என்று சரிபார்ப்பது அவசியமே. ஆனால் அது தனித்தனிக் கட்டிடங்களைப் பார்க்கும் வேலை. நகரத்தை யார் பார்ப்பது?

ஆட்களும் இல்லை. நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே கிடையாது என்று நிதி ஆயோக் 2021-ல் சொன்னது. அப்போது மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளில் மொத்தப் பணியிடங்களே 4,000-க்கும் குறைவு; அவற்றிலும் 40 விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருந்தன. இந்த நிலையில்தான், 1,189 சதுர கி.மீ.யாக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022-ல் 5,904 சதுர கி.மீ.யாக விரிக்கப்பட்டது.

இதைவிட ஆழமான காயம், விதிமீறலைப் பின்னால் சட்டபூர்வமாக்கும் வரன்முறை. 1999 பிப்ரவரி 28-க்கு முன் எழுந்த விதிமீறல் கட்டிடங்களுக்குச் சட்டத்தில் ஒரு சலுகை சேர்க்கப்பட்டது. பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கும் ஒரு வழி திறந்தது. 2016-ல் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரம் பதியச் சென்னை உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. மறு ஆண்டே, 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொன்னதை நம்பிச் சேமிப்பைக் கொட்டியவர்களை நடுத்தெருவில் நிறுத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் பிரித்து விற்றவர் லாபத்தோடு போய்விட, வாங்கியவர்தான் கட்டணம் கட்டுகிறார். கூடாது என்று எழுதிய நகரமைப்பாளரின் குறிப்போ மதிப்பிழந்து போகிறது. பொறுத்திருந்தால் சட்டம் தானாக வளையும் என்ற பாடத்தை மனை வியாபாரத்துக்கு அரசே கற்றுத்தந்திருக்கிறது.

நகரமைப்பே நீர்நிலையை விழுங்கிய வரலாறும் உண்டு. 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். அந்தக் காலத்தில் அது முன்னேற்றமாகத் தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023-ன் மிக்ஜாம் புயலையும் பார்த்துவிட்ட நமக்கு அந்தச் சமாதானம் செல்லாது. எஞ்சிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டிடங்களாகவும் மாறியிருந்தது.

சென்னைக்கு 2008-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டத்தின் இலக்கு ஆண்டு 2026. அடுத்த திட்டத்தில் வண்ணம் தீட்டிய வரைபடம் மட்டும் போதாது. வட்டத்துக்கு ஒரு நகரமைப்பாளராவது களத்தில் இருக்க வேண்டும். கட்டிட அனுமதியைத் தனிப் பிரிவு பார்த்துக்கொள்ளட்டும். விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றும் ஒவ்வொரு கோப்பிலும் நகரமைப்பாளர் எழுதிய கருத்து, ஏற்கப்பட்டாலும் நிராகரிக்கப்பட்டாலும், மக்கள் பார்வைக்கு வர வேண்டும். இனி ஒரு வரன்முறை வந்தால், அதன் கட்டணத்தை மனை பிரித்து விற்றவரிடம் வசூலியுங்கள்.

வாசகர்களுக்கும் வேலை இருக்கிறது. வரைவுத் திட்டம் மக்கள் கருத்துக்கு வரும்போது, உங்கள் சர்வே எண்ணோடு நிறுத்தாமல், உங்கள் ஊர் ஏரியும் அதன் வரத்துக்கால்களும் எந்த வகைப்பாட்டில் போடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். தவறாக இருந்தால், கெடு முடிவதற்குள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள்.