மலையகப் பிள்ளைக்கு மைதானம் எங்கே?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கொழும்பு மாநகரின் வீதிகளில் இரு கல்லூரிகளின் கொடிகள் பறக்கத் தொடங்கிவிடும். றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் மோதும் ‘பிக் மட்ச்’ 1879 ஆம் ஆண்டிலே தொடங்கியது. முதலாண்டில் ஆசிரியரும் மாணவருடன் சேர்ந்து ஆடினர். 1880 முதல் மாணவர் மட்டுமே ஆடி வருகின்றனர். இரண்டு உலகப் போர்களாலும் அந்த ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை என்றால், அதன் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே அங்கு போகிறவர் எத்தனை பேர் என்பது வேறு விடயம். எல்லைக் கோட்டைச் சுற்றி எழும் கூடாரங்களே அந்நாட்களின் உயிர். தலை நரைத்த நீதிபதியும் வைத்தியரும் வணிகரும் பள்ளிக்கூடத் தொப்பியை மாட்டிக்கொண்டு, பப்பரே வாத்தியத்துக்குக் காலைத் தூக்கி ஆடுவர். முப்பது ஆண்டுகளாகச் சந்திக்காதவன் தோளில் கை போடுவான். சோற்றுப் பொதி கைமாறும்; அதனோடு வேலைவாய்ப்பும் கைமாறும், பள்ளிக்கூடத்துக்குப் புதிய கட்டடம் எழுப்பும் யோசனையும் பிறக்கும். யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல், இடையிடையே தடைப்பட்டும், ஆடிவரும் ‘வடக்கின் பெரும் போர்’ நாட்களிலும் இதே காட்சிதான். கடல் கடந்து வாழும் பிள்ளைகள் விமானச் சீட்டு எடுத்துக்கொண்டு அதற்காகவே வந்து இறங்குகின்றனர்.

அமெரிக்கரோ இதனை ஒரு நாட்டுப் பழக்கமாகவே வளர்த்துவிட்டனர். 1869 இல் றட்கர்ஸ், பிறின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகள் முதன்முதல் பந்தாடிய அந்நாட்டில், இன்று மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மட்டும் ஒரு இலட்சத்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்னரே குடும்பம் குடும்பமாக வந்து, வாகனத்தின் பின்பலகையை இறக்கி, அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, பக்கத்து வாகனக்காரருக்கும் கொடுத்து உண்கின்றனர். தேர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போய், மரநிழலில் அவிழ்த்துவிட்டுச் சமைத்துண்ட நம் பாட்டன்மாருக்கு இதிலே வியப்பொன்றும் இருந்திராது.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கல்விக்கூடம் தன் பிள்ளைகளையெல்லாம் பெயர் சொல்லி அழைக்கிறது. அவர்களும் எங்கிருந்தாலும் வந்து நிற்கின்றனர். பந்தும் மட்டையும் அதற்கு ஒரு சாட்டு. இந்த அழைப்பு இல்லாத பாடசாலை, படித்து வெளியேறியவர்களை இழந்துவிடுகிறது. மலையகத்தின் நிலை இதுவே என்பதுதான் நமது கவலை.

மலையகத்திலும் இத்தகைய வார இறுதிகள் இல்லாமற் போகவில்லை. அவை யாருக்கு இருந்தன என்று கேட்க வேண்டும். டிக்கோயாவை அடுத்த தரவளையிலும், நானுஓயாவை அடுத்த ரதல்லயிலும் வெள்ளைத் துரைமார் தங்கள் கழகங்களுக்கு மைதானம் சமைத்தனர். டிக்கோயா – மஸ்கெலியாத் துரைமாரும் டிம்புள்ளத் துரைமாரும் அங்கே கிரிக்கெற்றும் றக்பியும் ஆடினர். துரைசானிமார் உடன் வந்தனர். மாலையில் கழகக் கட்டடத்தில் விளக்கெரிந்தது. நுவரெலியாவில் 1889 முதல் கோல்ப் திடல். ஏப்ரல் வசந்த காலத்துக்குக் குதிரைப் பந்தயத் திடல். ஆறாயிரம் அடி உயரத்தில், கால் வைத்தால் சறுக்கும் மலைகளுக்கிடையே, இத்தனை சமநிலம் தானாகவா கிடைத்தது? அந்நாளில் அம்மலைகளில் மண்வெட்டி பிடித்த கை யாருடையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? குதிரைக்குக் கிடைத்த சமநிலம் அந்தக் கைக்குரியவனின் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. அக்குழந்தை லயத்து வாசலிலும் பெரட்டுக்களத்திலும் பந்து உருட்டியது. பந்து தப்பினால் நூறடி கீழே தேயிலைச் செடிகளுக்குள் தேட வேண்டும். தேடி எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

பாடசாலையின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி என்று 1945 இல் முழங்கிய காலத்தில் தோட்டப் பாடசாலை அந்த முழக்கத்துக்கு வெளியே நின்றது. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலேதான் அரசின் கைக்கு வரத்தொடங்கின. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்புடன் முடிவு. இத்தகைய பள்ளிக்குப் பழைய மாணவர் சங்கம் எங்ஙனம் தோன்றும்? 1948 இல் குடியுரிமையையும் 1949 இல் வாக்குரிமையையும் பறிகொடுத்த மக்கள், 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேற வேண்டியவர் யார், தங்க வேண்டியவர் யார் என்று காத்துக்கிடந்த ஆண்டுகளில், ‘என் பள்ளி’ என்று சொல்லிக்கொள்ள எவரால் முடிந்தது? ஒரே வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் இராமேசுவரத்துக் கரையில் இறங்கிய கதை மலையகத்தார் அறியாததா?

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியும், சென் ஜோன் பொஸ்கோ கல்லூரியும், நுவரெலியாவின் கல்லூரிகளும் வைத்தியரையும் பொறியியலாளரையும் சட்டத்தரணியையும் ஆசிரியரையும் உருவாக்கியிருக்கின்றன. ஆனால், அவர்களுள் எத்தனை பேர் தாம் முதலில் எழுதப் பழகிய தோட்டப் பள்ளியின் பெயரைக் கொழும்பிலே வாய்விட்டுச் சொல்கின்றனர்? ‘ஊர் எது?’ என்று கேட்டால் ‘கண்டிப் பக்கம்’ என்று பொதுவாகச் சொல்லி நழுவும் நண்பர்கள் நமக்கும் உண்டு. அவர்களை நாம் பழிக்கவில்லை. பெருமையோடு திரும்பி வருவதற்கு அவர்களுக்கு ஒரு நாளை நாம் அமைத்துக் கொடுக்கவில்லையே!

முத்தையா முரளிதரனைச் சொல்லி மார்தட்டிக்கொள்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவருடைய பாட்டனார் 1920 இல் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர் என்பது உண்மை. எனினும் எண்ணூறு டெஸ்ட் விக்கெற்றுகளுக்கு வித்திட்டது கட்டுகஸ்தோட்டை சென் அந்தோனியார் கல்லூரி. அங்கே மைதானம் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், எதிர்த்து ஆட வேறு கல்லூரிகள் இருந்தன. பாட்டனோடு வந்தவர்களின் ஏனைய பேரப்பிள்ளைகளுள் அத்தகைய விரல்கள் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை என்று யாராவது ஆணையிட்டுச் சொல்வார்களா?

ஆகவே மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பெரிய ஆட்டம் வேண்டும் என்கிறோம். அது கிரிக்கெற்றாக இருக்க வேண்டியதில்லை. கொழும்பைப் பார்த்துக் கொப்பியடிப்பதால் செலவுதான் மிஞ்சும். மட்டை, காலுறை, தலைக்கவசம் என்று ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவில் ஒரு வகுப்புக்கே பந்து வாங்கிவிடலாம். உதைபந்தாட்டமே நமக்கு ஏற்றது. ஆடுதளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். ஓரங்களுக்கு இடம்விட்டாலும் இரண்டரை ஏக்கருக்குள் அடங்கிவிடும். சரிவில் அடுக்கடுக்காக நிலம் திருத்திக் கரட்டும் லீக்ஸும் விளைவிக்கும் நுவரெலியா, கந்தப்பளை உழவர்களுக்கு இரண்டரை ஏக்கரை மட்டப்படுத்துவது எத்தகைய வேலை என்பது தெரியும். கடினந்தான், ஆயினும் பாலம் கட்டுவதைப் போன்ற பெருங்காரியமன்று.

இன்னொரு நன்மையும் உண்டு. ஆட்டம் தொண்ணூறு நிமிடம். கொழுந்தெடுக்கும் தாய் மூன்று நாள் மைதானத்தில் உட்கார்ந்தால் மூன்று நாட் பேரும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்றால் அவளும் வந்து மகனின் ஆட்டத்தைக் காணலாம். பெரும்போட்டி நாட்களில் நகரத்துப் பிள்ளைகள் லொறியேறி, வீதியில் வருவோரை மறித்துக் காசு கேட்கும் வழக்கத்தை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. கூடாரங்களுக்குள் போத்தல் திறக்கும் வழக்கத்தை அறவே வேண்டாம். சாராயக் கடை எத்தனை லயங்களின் அடுப்பை அணைத்திருக்கிறது என்பதை அறிந்தவர்கள் நாம். ரொட்டியும் சம்பலும் தேநீரும் போதும். தேநீருக்கு இவ்வூரிலா பஞ்சம்!

காலமும் கூறிவிடுகிறோம். மே பிறந்தால் ஹட்டன் பக்கம் மழை விடாது. தீபாவளிக் காலத்தையும் நம்ப முடியாது. பொங்கலுக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட வறண்ட வாரங்களே தக்கவை. அப்போது கொழுந்தும் குறைவு. முதலாண்டில் ஹட்டன் டன்பார் மைதானமே போதும். அடுத்தடுத்த ஆண்டுகளில் தலவாக்கலை, நுவரெலியா, மஸ்கெலியா என்று சுற்றிவரட்டும். அணிவகுப்பில் ஒவ்வொரு தோட்டப் பள்ளியும் தன் பெயர் எழுதிய பலகையுடன் நடக்கட்டும். அங்கே படித்த வைத்தியரும் எழுதுவினைஞரும் அந்தப் பலகைக்குப் பின்னே நடக்கட்டும். 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்கடுக்க நடந்து, இருநூறு ஆண்டு வரலாற்றை நாட்டுக்கு நினைவூட்டிய மக்களுக்கு டன்பார் மைதானத்தைச் சுற்றிவருவது பெரிதா?

நிலம் யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் வேண்டாம். தோட்டக் காணி அரசுடையது, கம்பெனிகள் குத்தகைக்காரரே. தேயிலை நட்டாலும் பயனில்லை என்று காடாக விடப்பட்ட துண்டுகள் தோட்டந்தோறும் உள்ளன. அவற்றுள் பாடசாலைக்கு அண்மையில் எது உள்ளது, அதன் பரப்பு எவ்வளவு, தண்ணீர் எங்கே வடியும் என்பதை அந்தந்த ஊர் ஆசிரியரும் பெற்றோரும் இந்தத் தவணை முடிவதற்குள் எழுதி வைக்கட்டும். அளக்கவும் படம் வரையவும் தெரிந்த மலையகத்துப் பொறியியலாளரும் நிலஅளவையாளரும் தம் விடுமுறையில் இரண்டு நாளை அதற்கென ஒதுக்கட்டும். மனு எழுதச் சட்டத்தரணிகள் இருக்கின்றனர். அந்தப் படமும் மனுவும் கையில் இல்லாமல் அமைச்சரின் வாசலில் போய் நிற்பதிலே பயனில்லை. அவை கையில் இருந்தால், தேர்தல் மேடையில் மாலை வாங்கிய ஒவ்வொரு மலையகப் பிரதிநிதியிடமும் ‘இந்த இரண்டரை ஏக்கர் எப்போது?’ என்று நேரே கேட்கலாம்.