கழிப்பறை இல்லாத தளத்துக்கு அனுமதி எதற்கு?

கட்டடம் எழும்பப்போகும் மனையில் முதலில் போர்வெல் போடுகிறார்கள். பிறகு சிமெண்டு மூட்டைக்குக் கொட்டகை, வாட்ச்மேனுக்குத் தகரக் கூரை, தெருவை மறைத்து நிற்கும் விளம்பரத் தட்டி எல்லாம் வந்துவிடுகின்றன. மூன்று மாடி ஏறிய பிறகும் சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் வருவதில்லை. பக்கத்து முட்புதர், பாதி கட்டிய அறை, இல்லாவிட்டால் இருட்டும் வரை அடக்கிக்கொள்வது: தமிழ்நாட்டின் எத்தனையோ கட்டுமானத் தளங்களில் இன்றும் இதுதான் ஏற்பாடு. கம்பிக்கும் எம்-சாண்டுக்கும் மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிடும் நிறுவனங்கள் கழிப்பறையை மட்டும் மறந்துவிட்டோம் என்று சொன்னால் ஏற்க முடியாது.

சட்டம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, போதுமான கழிப்பறை அமைப்பது வேலை தருபவரின் கடமை என்றது. அதன் கீழ் 1998இல் வந்த மத்திய விதிகள் கதவு, தாழ்ப்பாள், வெளிச்சம், எட்டும் தூரத்தில் தண்ணீர் என ஒவ்வொன்றாகச் சொல்லின. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி வாசலில் ஆண், பெண் உருவம் வரைய வேண்டும் என்பது வரை அவற்றில் இருந்தது. 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்ற அளவை ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 1971லேயே வகுத்துவிட்டன. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ ஆண், பெண், திருநர் ஆகியோருக்குத் தனித்தனி வசதி கேட்கிறது. இத்தனைக்கும் பிறகு ஒரு மேஸ்திரி “அந்தப் பக்கம் போங்கம்மா” என்று புதரைக் காட்டினால், குற்றம் அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பவருடையது.

சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை, நிரந்தரமாகக் கட்ட இடமில்லை என்பது பழைய சாக்கு. நடமாடும் கழிப்பறைகளை நாள் வாடகைக்கும் மாத வாடகைக்கும் லாரியில் கொண்டுவந்து இறக்கித்தர இன்று ஆள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாடகைக் கழிப்பறையைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே அடுத்த அநீதி தொடங்குகிறது. கொட்டேஷனில் அது கடைசி வரி. எது மலிவோ அது வருகிறது. எத்தனை பேருக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, யார் காலி செய்வது என்று எவரும் கேட்பதில்லை.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கத் தளங்களில் 10 பேருக்கு ஒரு கழிப்பறைப் பெட்டி, வாரம் ஒருமுறை காலி செய்தால் போதும் என்பது வாடகைத் தொழிலில் புழங்கும் அளவு. அது காகிதத்தால் துடைத்துக்கொள்ளும் ஊரின் கணக்கு. நாம் தண்ணீரால் கழுவுகிறவர்கள். அடியில் 200 லிட்டர் தொட்டி இருக்கும் பெட்டியில் ஒருவர் கழுவவும் ஊற்றவும் இரண்டு லிட்டர் செலவிட்டாலே 100 பேருக்குள் தொட்டி நிரம்பிவிடும். ஆயிரம் பேர் கூடும் பந்தலில் இரண்டு பெட்டிகளை வைத்துவிட்டு ஏற்பாடு முடிந்தது என்பவர்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவை பயனற்றுப் போகும் என்பதை அறிந்தே வைக்கிறார்கள். மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, அதை நிரப்ப ஆள் உண்டா, தாழ்ப்பாள் விழுகிறதா, சேலை நனையாமல் உட்கார இடம் இருக்கிறதா, நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி உண்டா, மூட்டுவலிக்காரர் அந்த உயரப் படியில் ஏற முடியுமா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா? பணம் கொடுக்கும் முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை இவை. “பயோ டாய்லெட்” என்று ஒட்டியிருந்தால் உள்ளே உண்மையிலேயே நுண்ணுயிர்த் தொட்டி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அப்படி இருந்து, சுத்தம் என்ற பெயரில் அதில் ஆசிட்டையும் பினாயிலையும் ஊற்றினால் கழிவைச் செரிக்க வேண்டிய நுண்ணுயிர்கள்தான் சாகும்.

நிரம்பிய தொட்டி எங்கே போகிறது என்பது எல்லாவற்றிலும் கொடியது. ராத்திரியில் ஏரிக்கரையிலோ மழைநீர்க் கால்வாயிலோ திறந்துவிடும் லாரிக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய ரசீதைக் கேட்காமல் பணம் கொடுத்தவரும் அதற்குக் கூட்டாளி. உறிஞ்சும் லாரியை அழைக்கும் செலவை மிச்சம் பிடிக்க ஒரு மனிதரை வாளியோடு அனுப்பும் எவரும் 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தடைச் சட்டத்தை மீறிய குற்றவாளியே. இதில் தயவுதாட்சண்யம் கூடாது.

பொதுக்கூட்டம், மாநாடு, திருவிழா என்றால் நிலைமை மேலும் மோசம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கக் கடலெனக் கூட்டம் திரண்டது. அன்று வெயிலில் ஐந்து உயிர்கள் போயின. குடிநீரும் கழிப்பறையும் போதவில்லை என்று மக்கள் குமுறினார்கள். இவ்விரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவே கூடாது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வெயிலும் கழிப்பறையின்மையும் சேர்ந்து உழைக்கும் பெண்களின் உடல்நலத்தைக் கெடுப்பது பற்றிச் சென்னை ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் 2016லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றும் கல்லும் இப்படித்தான் வருகின்றன. மாநாட்டு மேடைக்குப் பின்னால் தலைவர்களுக்குக் குளிரூட்டிய கேரவன் நிற்கிறது. எதிரே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு எதுவும் இல்லை. இதற்கு எந்தக் கட்சியும் விலக்கல்ல.

முதலமைச்சர் செல்லும் சாலையோரப் பந்தோபஸ்தில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் டி.ஜி.பி. உத்தரவிட்டார். மணிக்கணக்கில் நிற்கும் பெண் காவலரின் சிரமத்தை அரசு ஒப்புக்கொண்ட நாள் அது. வரவேற்றோம். ஆனால் பெண்ணை வேலையிலிருந்து விலக்குவது எளிய வழி. அவர் நிற்கும் இடத்துக்குக் கழிப்பறையைக் கொண்டுவருவதே அரசு செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

எங்கள் கோரிக்கை சுற்றி வளைத்தது அல்ல. கட்டட அனுமதி தரும் அலுவலகம், வரைபடத்தோடு தளத்தின் தற்காலிகக் கழிப்பறைத் திட்டத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலநிதி வரியாக வசூலிக்கும் அரசுக்கு, அந்தத் தொழிலாளி எங்கே ஒதுங்குகிறார் என்று போய்ப் பார்க்கும் கடமையும் உண்டு. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வர வேண்டும். பதிவேட்டை மட்டும் புரட்டாமல் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு அனுமதி தரும் காவல்துறை, ஒலிபெருக்கிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நிபந்தனை போடுவதுபோல் பெண்களுக்கான கழிப்பறை எண்ணிக்கையையும் எழுத்தில் வாங்க வேண்டும். அந்த எண்ணிக்கை ஆண்களுக்கு வைப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெண்களுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை காலி செய்வது, எங்கே கொண்டு இறக்குவது, இரவில் விளக்குக்கு யார் பொறுப்பு என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அனுமதியோடு முன்பணமும் வாங்கி, எழுதிக் கொடுத்ததைச் செய்யாவிட்டால் அதைப் பறிமுதல் செய்யுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அப்படிச் செய்யாதவருக்கு அனுமதி மறுங்கள். வேலை தொடங்கிய நாளில் கழிப்பறை இறங்காத தளத்தில் இறங்கும்வரை வேலையை நிறுத்துங்கள்.