ஓடை வாய்களில் அணிதிரள்வோம்!

தோழர்களே!

சேர்வராயன் மலைத்தொடரில் மஞ்சவாடிப் பக்கம் பிறந்து வரும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்குள் நுழைந்து வெளியேறும்போது சாக்கடையாகிவிடுகிறது. கொண்டலாம்பட்டி, பூலாவரி, ஆட்டையாம்பட்டி வயல்களைக் கடந்து, நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாற்றில் காவிரியோடு கலக்கிறது. மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்து குடிக்கும் நம் நகரம், அதே காவிரிக்குத் தன் கழிவைத் திருப்பிக் கொடுக்கிறது. கீழே மோகனூர் முதல் திருச்சி வரை குடிப்பதற்கும் காவிரிதான். இந்த அநியாயம் இனியும் தொடரலாமா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் ஆறு பகுதிகள். அவற்றில் மூன்று நம் சேலம் சீமையின் ஆறுகள்: திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி. அந்தப் பட்டியலில் மூன்றுமே மிக மோசமான முதல் வரிசையில் நின்றன. குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில், கரிமக் கழிவின் அளவைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் வரிசை என்றால் 30-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள்.

பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. ஆனைமேடு, வண்டிப்பேட்டை போன்ற இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. ஆனால் நிலையத்துக்கு வந்து சேரும் கழிவை மட்டுமே நிலையம் சுத்தம் செய்யும். இணைப்பு இல்லாத வீட்டின் கழிவு மழைநீர் ஓடையில் இறங்கி நேரே ஆற்றில் விழுகிறது. நிலையத்தில் கழிவைத் தின்று நீரைத் தெளிய வைப்பவை காற்றூட்டி வளர்க்கப்படும் நுண்ணுயிர்கள். ஆனால் சாயப்பட்டறைக் கழிவில் வரும் உப்பை அவற்றால் அகற்ற முடியாது. ஆகவே நம் போராட்டக் களம் ஆற்றில் வந்து விழும் ஒவ்வோர் ஓடையின் வாய்!

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மூன்றாண்டுக்குள் சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் கெடு விதித்தது. அந்தக் கெடு 2020-இலேயே முடிந்துவிட்டது. நொய்யல் ஆற்றைப் பாருங்கள்: ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நிலம் பாழானபோது, விவசாயிகள் சளைக்காமல் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

சாயப்பட்டறைத் தொழிலாளி நமக்கு எதிரி அல்ல. அவர் நம் தோழர். சிறு பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், அவர் பிழைப்பும் நிலைக்க வேண்டும். அதேபோல் சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நம் ஆறு தெளிய எந்தத் தோழரின் உயிரும் விலையாகக் கூடாது.

வேலைகளைப் பகிர்ந்துகொள்வோம். நகரத் தோழர்கள் வார்டு வார்டாகச் சென்று, இணைப்பில்லாத தெருக்களையும் ஆற்றில் இறங்கும் ஓடைகளையும் கணக்கெடுங்கள். நிலையத்துக்குள் வரும் நீர், வெளியேறும் நீர் இரண்டின் ஆய்வு முடிவுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வீரபாண்டி முதல் பரமத்தி வரையுள்ள விவசாயத் தோழர்கள் அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். மறுமொழி வராவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சேர்ந்து போவோம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்துவிடுவார்கள். எது எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க முடியாது. அதற்கு முன்பே ஒவ்வோர் ஓடை வாயும் நம் கணக்கில் ஏறிவிட வேண்டும்.

சேலத்துத் தோழர்களே, நாமக்கல் தோழர்களே, நெசவாளரே, விவசாயியே, மாணவரே! நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உங்கள் ஊர்க் கரைக்கு இன்றே இறங்குங்கள். ஆற்றை மீட்போம், வாருங்கள்!