காலடி மண்ணையும் கணக்கில் சேர்ப்போம்

'மரம் வளர்ப்போம்' என்று எழுதாத பள்ளிச் சுவர் சென்னையில் இல்லை எனலாம். ஆண்டுதோறும் கன்று நடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், எத்தனை கன்று என்று கணக்கும் எழுதி வைக்கிறோம். ஆனால் அக்கன்று நிற்கும் மண்ணை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அந்த மண்ணுக்காகப் பரிந்து பேச வந்திருக்கிறோம்.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு உடல் வளர்க்கிறது. உலர்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பனே. சரி, உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் என்னவாகின்றன? மண்புழுவும் நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்று ஒரு பகுதியை மீண்டும் வாயுவாக வெளிவிடுகின்றன. எஞ்சியது மக்கி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சிறுசேமிப்பு சிறிதன்று. உலகின் காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ள கார்பன் முழுவதையும் கூட்டினாலும், மண்ணில் உள்ளதே அதிகம் என்கின்றனர் அறிவியலார்.

சாம்பல் புதனன்று நம் நெற்றியில் இடப்படும் சாம்பல், முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்துப் பெறுவது. கூடை நிறைய ஓலையை எரித்தால் ஒரு கிண்ணம் சாம்பல்தான் தேறும். மீதி எங்கே போயிற்று? பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் காற்றோடு கலந்துவிட்டது. காட்டை அழித்து எரிக்கும்போதும் இதுவே நடக்கிறது. மண்ணிலோ புகையே தெரியாது. நடப்பது மட்டும் அதேதான். நீர் தேங்கிய மண்ணில் காற்றுப் புகாததால் மக்குதல் மிக மெதுவாக நடக்கும். நீரை வடித்துவிட்டால் காற்றுப் புகுந்து, நெடுங்காலச் சேமிப்பு சில ஆண்டுகளிலேயே கரையத் தொடங்கும்.

தியாகராய நகருக்குத் துணி எடுக்கப் போகாத குடும்பம் நம்மில் உண்டா? மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த 'லாங் டாங்க்' என்னும் ஏரியை 1920களில் தூர்த்து எழுப்பிய நகர் அது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை! மக்கள் குடியிருக்க வீடு வேண்டாமா என்று பெரியோர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாங்களும் அத்தகைய வீடுகளில்தான் வாழ்கிறோம். ஆனால் வீட்டுக்குத் தேவையான இடம் வேறு, வெறுமனே பூசி மூடும் இடம் வேறு.

கிண்டிக் காட்டைப் பாருங்கள். ராஜ்பவனைச் சேர்ந்த அக்காட்டிலிருந்து ஐ.ஐ.டி. முதலியவற்றுக்கு நிலம் பிரிந்தது. எஞ்சியதில் சுமார் 270 ஹெக்டேர் 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே இலை விழுந்த இடத்திலேயே மக்குகிறது. அடையாற்றில், குப்பையும் இடிபாடும் நிறைந்து கிடந்த 58 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஆகவே மீட்பும் இயலும். ஆயினும் மரம் ஓங்கச் சில பத்தாண்டுகள் வேண்டும். மண் தேறுவதற்கு அதைவிடவும் ஆகும். ஒரு மரத்தை வெட்டிப் பத்துக் கன்று நட்டால் சரியாகிவிடும் என்ற கணக்கு எங்களுக்கு ஒப்பவில்லை.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். மழைக்காலத்தில் வெள்ளைக் காலுறைகள் சேறாகின்றன என்பதால், விளையாட்டுத் திடல் முழுவதும் சிமெண்ட் கல் பதிக்க வேண்டுமென்று பெற்றோர் சிலர் கேட்டிருக்கின்றனர். துவைக்கும் அம்மாமாரின் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கல் பதிக்க மேல்மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். சேமிப்பு மிகுந்திருப்பது அந்த மேல்மண்ணில்தானே! அதன் பின் வேம்பின் இலை கல்மேல் விழுந்து, குப்பை வண்டியில் போய்விடும். மண்ணுக்கு ஒன்றும் சேராது.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல் பூமியை நமது பொது இல்லம் என்றது. இல்லத்தின் கூரையைப் பேணிவிட்டுத் தரையை மறக்கலாமா?

வாயிலிலிருந்து வகுப்பறை வரை நடைபாதைக்கு மட்டும் கல் போதும் என்பது எங்கள் கருத்து. வேப்பமரங்களைச் சுற்றியுள்ள இடத்தை அப்படியே விட்டுவிட அருட்சகோதரியரையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறோம். உதிரும் இலைகளை எரிக்காமல் குழியிலிட்டு மக்கவைக்கும் வேலையைப் பத்தாம் வகுப்பு ஏற்றுக்கொள்ளும். தேர்வுக் காலத்தில் மட்டும் ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் கைகொடுக்க வேண்டும், கேட்டுவிட்டோம், சம்மதித்திருக்கிறார்கள்.