பனிமலையும் இரும்புக் குண்டும்

சென்ற வாரம் ஒருநாள் மாலை, என்னிடம் முன்னர் கற்ற மாணவன் ஒருவனின் தாயார் என் இல்லத்திற்கு வந்திருந்தார். மகன் இப்பொழுது ஸ்கொட்லாந்தில் பொறியியல் பயில்கின்றான். அங்கே மலையேறுவோர் கழகமொன்றிற் சேர்ந்துவிட்டானாம். வருகின்ற பெப்ரவரியில் பனிக்கட்டி மூடிய மலையொன்றில் ஏறப்போகின்றானாம். அதற்கென இரண்டு டம்பெல் வாங்கி, தன் அறையில் நாள்தோறும் தூக்குகின்றானாம். "மாஸ்ரர், நான் சொன்னால் அவன் கேளான். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பான்" என்றார் அம்மையார். ஏறாதே என்று எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், அந்த இரும்புக் குண்டு அவனுக்கு எதனைத் தரும், எதனைத் தராது என்பதையாவது சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். பிற மாணவர்க்கும் பயன்படக் கூடுமாகையால் இவ்வாரப் பகுதியிலேயே எழுதுகின்றேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பனிமலையைக் கண்ணாற் கண்டவனல்லன். நுவரெலியாவின் மார்கழிக் குளிருக்கே இரண்டு கம்பளி கேட்டவன். பல ஆண்டுகளாக மாணவர்க்குத் தேகாப்பியாசம் பழக்கியதும், மலையேறியோர் எழுதிய நூல்களை விரும்பிப் படித்ததுமே என் தகுதி.

'டம்பெல்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் 'ஊமை மணி' என்று பொருள்படும். தேவாலய மணியின் கயிற்றை இழுப்பது உடலுக்கு நல்ல பயிற்சியெனக் கண்டவர்கள், மணியில்லாத பொறியொன்றை வீட்டில் அமைத்து இழுத்தனர் என்றும், அப்பெயரே பின்னர் கையில் ஏந்தும் பாரத்திற்கு வந்தது என்றும் கூறுவர். மலையேறுவோனுக்குப் பொருத்தமான பெயர்தான். தலைக்குமேற் கைநீட்டி இழுப்பதே அவனுடைய வேலையும்.

ஸ்கொட்லாந்தின் மிக உயர்ந்த மலை பென் நெவிஸ். அதன் உயரம் 1345 மீற்றரே. நமது பீதுருதாலகாலை 2524 மீற்றர். எண்ணை மட்டும் பார்ப்பவர், இதற்கா இத்தனை ஆயத்தம் என்று நகைப்பர். ஆனால் அம்மலையின் வடமுகம் குளிர்காலத்திற் பனிக்கட்டிச் சுவராகிவிடுகின்றது. டிசம்பர் மாதத்திற் பகற்பொழுது ஏழு மணி நேரமும் இராது. அங்கே 'பொயின்ற் ஃபைவ்' என்னும் செங்குத்தான பிளவொன்று உண்டு. ஏறக்குறைய ஆயிரம் அடி நீளமுடையது. 1959 ஆம் ஆண்டு ஜனவரியில் இயன் கிளஃப் என்பவரும் தோழர்களும் அதனை முதன்முதலாக ஏறி முடிக்க ஐந்து நாட்கள் பிடித்தன. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஜிம்மி மார்ஷல், ரொபின் ஸ்மித் என்னும் இருவர் அதே வழியை ஏழு மணி நேரத்தில் ஏறினர்!

அக்காலத்திற் பனிக்கட்டியிற் படி வெட்டியே ஏறினர். ஒரு கை கோடரி வீச, மற்றக் கை வெட்டிய குழியைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஆகவே தோளும் மணிக்கட்டுமே அவர்களுக்கு மூலதனம். 1970 அளவில் வளைந்த அலகுடைய குறுங்கோடரிகள் வந்தன. இன்று ஏறுவோர் இரு கையிலும் இரண்டு கோடரிகளைத் தலைக்குமேற் கொத்திப் பற்றிக்கொண்டு, சப்பாத்தின் முனையிலுள்ள இரும்பு முட்களைப் பனியிற் குத்தி அவற்றின்மீது நிற்கின்றனர். படி வெட்டும் உழைப்பு ஒழிந்தது. அதற்குப் பதிலாகக் கெண்டைக்காலும் கைப்பிடியும் சுமையை ஏற்றன. கெண்டைக்கால் களைத்தால் முழங்கால் தானாக நடுங்கத் தொடங்கும். ஆங்கிலேயர் இதனைத் 'தையல் மெஷின் கால்' என்பர். வீட்டிற் சிங்கர் இயந்திரம் ஓடக் கேட்டவர்க்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கைப்பிடி ஏன் தளர்கின்றது என்பதைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். தசையொன்றை இறுக்கி வைத்திருக்கும்போது, அத்தசையே தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களை நெரிக்கின்றது. முழு வலிமையிற் பெரும் பங்கைச் செலவிட்டுப் பிடித்தால் இரத்தம் அறவே உட்புகாது. சிறு பங்கைச் செலவிட்டால் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும். கை தலைக்குமேல் உயர்ந்திருப்பதால் இரத்தம் மேல்நோக்கி ஏறவேண்டியிருக்கின்றது. இவற்றோடு குளிரும் சேர்ந்து விரல்களின் குழாய்களைச் சுருக்குகின்றது. இந்த மூன்றும் ஒன்றுகூடினால் விரல் விறைத்து, கோடரி கையில் இருப்பதே தெரியாமற் போகும். மீண்டும் இரத்தம் வரும்போது எழும் வலியோ, வளர்ந்த ஆடவரையும் வாய்விட்டு அலற வைக்கும்.

டம்பெல்லின் பயன் இங்கேதான் இருக்கின்றது. வலிமை பெருகிய கைக்கு அதே கோடரியைப் பிடிப்பது முன்னிலும் சிறு பங்கு வேலையாகின்றது. ஆகவே இரத்தம் நிற்பதில்லை, பிடி நீடிக்கின்றது. நெடுநேரம் தாங்குவதற்குப் பயில்பவன் ஏன் பாரம் தூக்கவேண்டும் என்று கேட்பவர்க்கு இதுவே விடை.

இனி, என் மாணவனுக்கே நேராகச் சொல்கின்றேன். தம்பி, பத்துக் கிலோக் குண்டுகளைக் கண்ணாடிக்கு முன்னின்று, முழங்கையை மடக்கி மடக்கித் தூக்குவதாக உன் தாயார் கூறினார். அதனாற் புயம் திரளும். படம் எடுத்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் தேர்ந்த மலையேறி கையை மடக்கித் தொங்குவதில்லை. கையை நேராக நீட்டி, பாரத்தை எலும்பின்மீது விட்டு, காலால் எழும்புகின்றான். நீ அதிகமாகப் பழகவேண்டியது காலையும் முதுகையுமே.

இரு கையிலும் டம்பெல்லைத் தொங்கவிட்டுக்கொண்டு, முழங்காலுக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள வாங்கொன்றில் ஏறு. இறங்கும்போது மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்கு. எல்லோரும் ஏறுவதையே பயில்கின்றனர்; இறங்குவதைப் பயில்வார் சிலர். மலையின் உச்சி பாதி வழிதான். எஞ்சிய பாதியில், களைத்த தொடை உடலைத் தடுத்துத் தடுத்து இறக்கவேண்டும். அந்தத் தடுக்கும் வலிமை, மெல்ல இறங்கிப் பழகினாலன்றி வராது. பின்னர் மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றிக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்து. உயர்த்திய நிலையிற் சிறிது நேரம் நில்.

முதுகிற்கு: ஒரு கையையும் முழங்காலையும் வாங்கில் ஊன்றி, முதுகு வளையாமல், மற்றக் கையாற் பாரத்தை இடுப்புவரை இழு. மணிக்கட்டிற்கு: ஒரு பக்கத்துத் தட்டைக் கழற்றிவிட்டு, டம்பெல்லைச் சுத்தியல்போற் பிடித்து முன்னும் பின்னும் சாய், பாரம் மிகக் குறைவாக இருக்கட்டும். கைப்பிடிக்கு: இரு டம்பெல்லையும் தொங்கவிட்டு அறையின் நீளத்திற்கு நட. பிடியிற் சிறு துவாயொன்றைச் சுற்றிக்கொண்டால் அது தடித்து, கனத்த கையுறையோடு பிடிப்பது போலாகும். மூச்சை அடக்காதே. தோள்மூட்டில் வலி கண்டால் அன்றைக்கு நிறுத்திவிடு.

நாள்தோறும் தூக்கவேண்டா, வாரத்தில் மூன்று நாள் போதும். தசை விரைவில் உரம் பெறும். தசைநாண்கள் மெல்லவே பெறும். ஆகையால் முதல் மாதம் இலகுவான பாரத்தைப் பதினைந்து, இருபது முறை தூக்கு. இரண்டாம் மாதம் கனத்ததை ஐந்தாறு முறை தூக்கி, இடையில் நன்றாக ஓய்ந்திரு. மூன்றாம் மாதம் மீண்டும் பாரத்தைக் குறைத்து, நேரத்தை நீட்டு. மற்ற நாட்களில் முதுகிற் பையுடன் குன்றுகளில் நட.

குளிரைத் தாங்கும் பழக்கம் குண்டினால் வராது. 1953 இல் நங்கா பர்பத்தின் உச்சியைத் தனியே அடைந்த ஹெர்மன் பூல், பயிற்சிக்காகப் பனியுருண்டைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு நடந்தார். அவரைப் பின்பற்றும்படி நான் சொல்லேன். அவ்வளவு பழகிய அவரும், இறங்கும் வழியில் இரவு முழுவதும் பாறையிற் சாய்ந்து நின்று, ஈற்றில் உறைபனிக்குக் கால்விரல்களைப் பலிகொடுத்தார். ஒருமுறை உறைபனியால் தாக்குண்ட உறுப்பு மறுமுறை இன்னும் எளிதில் தாக்குறும். வியர்வை வரும்படி விரைந்து ஏறுவதும் தீது. நனைந்த உடை நின்றவுடன் குளிர்ந்துவிடும். வலிமையுள்ள இளைஞரே இப்பிழையை அதிகம் செய்வர்.

பனியின் குணத்தையும் குண்டு கற்பிக்காது. எந்தச் சரிவு நிற்கும், எது சரியும் என்பதை அறிந்தவர் அருகிலிருந்து கற்றல் வேண்டும். ஏவிமோருக்கு அண்மையிலுள்ள கிளென்மோர் லொட்ஜ் என்னும் நிலையத்திற் குளிர்கால மலைப்பயிற்சி அளிக்கின்றனர். கழகத்துத் தோழர் எவ்வளவு அழைத்தாலும் அத்தகைய பயிற்சி ஒன்றை முடித்த பின்னரே கயிற்றைக் கட்டு. குளிர்காலத்தில் அங்கே பனிச்சரிவு முன்னறிவிப்பு நாள்தோறும் வெளிவருகின்றது. புறப்படுமுன் அதை வாசி. வேண்டாமென்று அதிலிருந்தால் அறையிலிருந்து டம்பெல் தூக்கு.

கையுறை மூன்று சோடி எடுத்துச் செல். இறங்கி வந்தவுடன், தேநீருக்கு முன்னதாக, உன் தாயாருக்குச் செய்தி அனுப்பு. அங்கே மாலை ஐந்து மணியென்றால் இங்கே இரவு பத்தரை. அவர் விழித்திருப்பார்.