உதவித்தொகையோடு நின்றுவிடக் கூடாது

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு என்ன செய்கிறது என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது மாதாந்திர உதவித்தொகையைத்தான். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கிறது. ஏழைக் குடும்பங்களில் அரிசிக்கும் மருந்துக்கும் கைகொடுப்பது அந்தப் பணம். அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் பணம் கொடுப்பது வேறு, பயிற்சியும் பராமரிப்பும் கிடைக்கச் செய்வது வேறு.

சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பதையே எடுத்துக்கொள்வோம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலில் பெரிய பொத்தானும் அகலமான துளையும் கொண்ட துணியை மேஜைமேல் விரிப்பார். பொத்தானைப் பாதி அவரே நுழைத்துவிட்டு, மீதியை இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விடுவார். அது கைவந்த பிறகு நுழைப்பதையும் குழந்தையே செய்யும். பிறகு சிறிய பொத்தான். கடைசியில்தான் உடுத்தியிருக்கும் சட்டை. சில குழந்தைகளுக்கு இதற்கே மாதங்கள் ஆகும். பழகிய அதே ஆள் தவறாமல் வந்தால்தான் கற்றது நிலைக்கும். ஆக, இந்தச் சேவையின் செலவில் பெரும்பகுதி சம்பளம்தான்.

தனியார் மையத்தில் ஓர் அமர்வுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கே அமர்வில் உதவித்தொகை தீர்ந்துவிடும். பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, சிறப்புக் கல்வி மூன்றும் தேவைப்படும் குழந்தைக்கு அது இரண்டு வாரத்துக்குக்கூடக் காணாது. தொகையை இரு மடங்காக்கினாலும், ஊரில் தெரபிஸ்டே இல்லையென்றால் என்ன பயன்? சிற்றூர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது, அரசு பணியிடம் உருவாக்கிச் சம்பளம் கொடுத்ததால்தான். இதற்கும் அதுவே வழி.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. ஆட்டிசம் அவற்றில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உள்பட 21 வகைகளை ஏற்றது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதி செய்தது. ஆனால் சமூகப் பாதுகாப்பு, மறுவாழ்வு என்று வரும் இடங்களில், அரசு தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டுச் செய்ய வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே சட்டம் தரும் உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை பட்ஜெட்தான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1969இல் வந்த லான்டர்மன் சட்டம், வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சேவையை வாழ்நாள் உரிமையாக்கியது. அதை நிறைவேற்ற அங்கே 21 வட்டார மையங்கள் அரசு நிதியில் இயங்குகின்றன.

தமிழ்நாட்டிலும் நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. உலக வங்கி 2022இல் ஒப்புதல் அளித்த கடனுதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தில், ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. கடன் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு; குழந்தைகளின் தேவைக்குக் கிடையாது. அந்தத் தேதிக்குள் இந்த மையங்களின் பணியிடங்களை மாநில பட்ஜெட்டின் நிரந்தரச் செலவாக்கிவிட வேண்டும்.

குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வோர் உண்டு. குடும்பம் இன்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பெரும்பாலும் அம்மா வேலையை விடுகிறார். ஒரு சம்பளம் நின்றுபோகிறது. பதினெட்டு வயதுக்குப் பிறகு பள்ளியும் இல்லை. பகல் முழுவதும் மகனோ மகளோ வீட்டுக்குள்தான். அறுபதைத் தாண்டிய பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: “எங்க காலத்துக்கு அப்புறம் யாரு பாப்பாங்க?” அதற்குப் பகல்நேரப் பராமரிப்பு மையமும், பெற்றோர் இல்லாத காலத்துக்கான இல்லமும் வேண்டும். தொண்டு நிறுவனங்கள் இவற்றை நடத்தலாம். ஆனால் நன்கொடை வரும் மாதம் ஊழியருக்குச் சம்பளம், வராத மாதம் இல்லை என்ற நிலையில் எந்த மையமும் நிற்காது.

அடுத்த பட்ஜெட்டின்போது, உதவித்தொகை எவ்வளவு உயர்ந்தது என்பதோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று கேள்விகளை நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்போம். நம் ஒன்றியத்தில் எத்தனை தெரபிஸ்ட் பணியிடங்கள் இருக்கின்றன? அவற்றில் எத்தனை நிரப்பப்பட்டுள்ளன? பதினெட்டைத் தாண்டியவர்கள் பகலில் போய்வர எந்த மையம் இருக்கிறது?